ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்ப்பவருக்கு கூலி எவ்வளவு?

பொம்மிடி பக்கம் வீட்டுக்கு வீடு "ஆயா". சம்பளம் கேட்டால் "சேவை" என்கிறார்கள்!

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பது பழமொழி.

வளருமா?

பொம்மிடி அருகே ஒரு கிராமத்தில் பால்வாடி உதவியாளராக இருக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார். "வளரும்ங்க. ரேஷன் அரிசியில வளரும்" என்கிறார்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதில் பாதி சிரிப்பு, பாதி வயிற்றெரிச்சல்.

ரெயிலடியில் பிரியும் குடும்பங்கள்

தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவில் இருக்கிறது பொம்மிடி. சேலம் - ஜோலார்பேட்டை ரெயில் பாதையில் ஒரு ஸ்டேஷன். மேற்கே பார்த்தால் ஏற்காடு மலைத்தொடர். சுற்றிலும் மரவள்ளி, கரும்பு, தென்னை. மழை பெய்தால் வெள்ளாமை, பொய்த்தால் ரெயில்.

இந்தப் பக்கம் ரெயில் ஏறினால் சேலம், ஈரோடு, திருப்பூர். அந்தப் பக்கம் ஏறினால் ஜோலார்பேட்டை, பெங்களூரு. பனியன் கம்பெனிக்கோ, கட்டிட வேலைக்கோ புருஷன் பெண்ஜாதி இரண்டு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி விடுகிறார்கள். வேலை செய்கிற இடத்தில் தகரக் கொட்டகை. அங்கே கைக்குழந்தையை எங்கே போடுவது? ஆயாவிடம் விட்டு விட்டுப் போகிறார்கள்.

இந்த வட்டாரத்தில் பாட்டியும் ஆயாதான். பால்வாடியில் குழந்தைக்கு மூக்கு சிந்தி விடுகிற உதவியாளரும் ஆயாதான். ஒரே பெயர். வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பெற்றவர் இல்லாத நேரத்தில் பிள்ளையைக் காப்பாற்றுவது.

வீட்டு ஆயாவுக்கு சம்பளம் கிடையாது. அதை யாரும் கேட்கப் போவதும் இல்லை. பால்வாடி ஆயாவுக்கு உண்டு. ஆனால் அதை "சம்பளம்" என்று சொல்ல டெல்லி சர்க்காருக்கு இன்னும் மனசு வரவில்லை. "மதிப்பூதியம்" என்றுதான் சொல்கிறது. மதிப்பு இருக்கிறது, ஊதியம்தான் தேட வேண்டியிருக்கிறது!

மூன்றாவதாக ஒரு ஜாதி உண்டு. யாருக்கோ பிறந்த பிள்ளையை, தத்து எடுக்காமல், கோர்ட்டு கச்சேரி போல ஓர் உத்தரவின் பேரில் தன் வீட்டில் வைத்து வளர்ப்பவர்கள். சட்டத்தில் இவர்களுக்கு "வளர்ப்புப் பெற்றோர்" என்று பெயர். இவர்களுக்கு மதிப்பூதியம்கூட இல்லை.

தொட்டில் வந்த கதை

தர்மபுரி மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய காயம் உண்டு. பெண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பால் என்று ஒரு காலத்தில் உசிலம்பட்டியோடு சேலம், தர்மபுரி பெயரும் அடிபட்டது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தை திட்டத்தை அன்றைய முதல்-மந்திரி ஜெயலலிதா தொடங்கினார். "வேண்டாம் என்றால் கொல்லாதே, தொட்டிலில் போட்டு விட்டுப் போ" என்பதுதான் திட்டத்தின் சாரம். 2001-ல் தர்மபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் தொட்டில் வந்தது.

அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அப்போது கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த தர்மபுரி மாவட்டத்தில், 6 வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 2011-ல் அது 900-ஐத் தாண்டியது.

தொட்டிலில் போட்டவர்களைப் பற்றி பக்கம் பக்கமாக எழுதினார்கள். தொட்டிலில் இருந்து தூக்கியவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. பொட்டலம் மாதிரி துணியில் சுற்றிக் கிடந்த குழந்தையை எடுத்து, துடைத்து, பால் புகட்டி, ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் யாரோ ஒரு ஆயாதான்.

தொட்டில் குழந்தைகள் பெரும்பாலும் தத்துக்குப் போனார்கள். தத்து என்பது வேறு. அதில் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை. சொத்தில் பங்கு உண்டு. திரும்பக் கேட்க யாரும் வர மாட்டார்கள். வளர்ப்புப் பராமரிப்பு அப்படி இல்லை. அப்பா ஜெயிலில் இருப்பார், அம்மா தீராத வியாதியில் படுத்திருப்பார். இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமலும் இருக்கும். அவர்கள் திரும்பி வரும் வரைக்கும் பிள்ளை உங்களிடம்.

வந்து விட்டால்?

கொடுத்து விட வேண்டும்.

4 ஆயிரம் ரூபாய் யாருக்கு?

2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-வது பிரிவு இதைச் சொல்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்து ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார். வருமானம் என்ன, வீட்டில் யார் யார், ஏற்கனவே பிள்ளை வளர்த்த அனுபவம் உண்டா என்று விசாரிப்பார். குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டால்தான் பிள்ளையை ஒப்படைப்பார்கள். அப்புறம் மாதா மாதம் சோதனை. சரியாக வளர்க்கவில்லை என்று தெரிந்தால் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

2024-ல் வந்த புதிய வழிகாட்டு நெறியில் கொஞ்சம் தளர்த்தினார்கள். கல்யாணம் ஆகாதவர், புருஷன் இல்லாதவர்கூட பிள்ளை வளர்க்கலாம். 2 வருடம் வளர்த்த பிறகு தத்து கேட்கலாம். முன்பு இது 5 வருடமாக இருந்தது.

பணம்? மத்திய சர்க்காரின் "மிஷன் வாத்சல்யா" திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4 ஆயிரம் ரூபாய். அதற்கு முந்தைய திட்டத்தில் 2 ஆயிரம்.

30 நாளுக்கு வகுத்தால் நாள் ஒன்றுக்கு 133 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். ஆனால் இரண்டையும் ஒப்பிடுவதே தப்பு. ஏன் என்றால் அந்த 4 ஆயிரம் வளர்ப்பவருக்கு இல்லை. பிள்ளையின் சோறு, துணி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் சேர்த்து பிள்ளைக்குக் கொடுப்பது.

வளர்ப்பவரின் கூலி சைபர்.

லீவு கிடையாது. இன்சூரன்ஸ் கிடையாது. அரும்பாடு பட்டு 10 வருடம் வளர்த்து, பிள்ளைக்கு 18 வயது ஆகும்போது பணமும் நின்று விடும். "வளர்த்தேன்" என்று காட்ட ஒரு சர்ட்டிபிகேட்டு இருந்தால் நாளைக்கு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்காவது மனு போடலாம். அதுவும் இல்லை.

"காசுக்கா வளர்க்கிறே?"

இதைச் சொன்னால் ஊரில் உடனே ஒரு கேள்வி வரும்.

"காசு கொடுத்தா, காசுக்காகவே பிள்ளையை வாங்கி வெச்சிக்குவாங்களே? அப்புறம் பிள்ளை கதி?"

பொம்மிடி டீக்கடையில் இதைக் கேட்ட பெரியவர் ஒருவர், "பெற்றால்தான் பிள்ளையா" படத்தை உதாரணம் காட்டினார். 1966-ல் எம்.ஜி.ஆர். நடித்தது. அனாதைக் குழந்தையை எடுத்து வளர்க்கிற ஏழையின் கதை. "அதுல எம்.ஜி.ஆர். சம்பளம் கேட்டாரா?" என்று பெரியவர் கேட்க, கடையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

நியாயமான பயம்தான். தள்ளி விடக்கூடாது. காசு ஆசையில் நாலு பிள்ளைகளை வாங்கி வைத்துக்கொண்டு பட்டினி போடுகிற ஆசாமி எந்த ஊரிலும் இருப்பான். ஆனால் வாத்தியார் சம்பளம் வாங்குகிறார். நர்சு சம்பளம் வாங்குகிறார். அதனால் பாசம் இல்லாமல் போய் விட்டதா? சம்பளம் வாங்குகிறவரை "ஏன் ஒழுங்காகச் செய்யவில்லை" என்று நிறுத்திக் கேட்கலாம். தர்மத்துக்குச் செய்கிறவரை என்ன கேட்க முடியும்?

வெளிநாட்டில் இந்தச் சண்டை கோர்ட்டு வரை போய் விட்டது.

கிளாஸ்கோ தம்பதி வழக்கு

இங்கிலாந்தில் 1998-ல் அப்பீல் கோர்ட்டு, "வளர்ப்புப் பெற்றோருக்கும் நகரசபைக்கும் இடையே வேலை ஒப்பந்தம் எதுவும் இல்லை" என்று கூறி விட்டது. அதாவது தொழிலாளி இல்லை. உடம்பு சரியில்லாமல் படுத்தால் லீவு சம்பளம் கேட்க முடியாது. யாராவது ஒரு புகார் சொன்னால் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் விடுவார்கள். அதோடு வருமானமும் போய் விடும்.

2017-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரசபைக்கு எதிராக ஒரு தம்பதி தொழிலாளர் நீதிமன்றத்தில் வாதாடி, "நாங்கள் நகரசபையின் ஊழியர்கள்" என்று தீர்ப்பு வாங்கினார்கள். அவர்கள் சிக்கலான பிள்ளைகளை வளர்க்கும் தனித்திட்டத்தில் இருந்தவர்கள். நகரசபை அப்பீல் போனது. 2020-ல் அப்பீல் தள்ளுபடி ஆனது.

எல்லா வளர்ப்புப் பெற்றோருக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தாது. ஆனாலும் கதவு திறந்தது. அடுத்த ஆண்டே, 2021-ல், வளர்ப்புப் பெற்றோர் யூனியனை "நீங்கள் தொழிலாளிகளே இல்லை, யூனியன் எதற்கு?" என்று பதிவு செய்ய மறுத்தது தப்பு என்று இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டு கூறியது.

பிரான்சில் இந்தத் தகராறே கிடையாது. அங்கே 1977-லேயே சட்டம் போட்டு இதை ஒரு உத்தியோகமாக்கி விட்டார்கள். 2005 சட்டப்படி 300 மணி நேரப் பயிற்சி. முதல் 60 மணி நேரம் பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்பே முடித்தாக வேண்டும். அரசாங்க டிப்ளமாவும் உண்டு. மாதச் சம்பளம் வேறு, பிள்ளையின் செலவுப் பணம் வேறு. ஒரே ஒரு பிள்ளையை வளர்த்தால்கூட குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக்கூடாது என்று 2022-ல் இன்னொரு சட்டம் வந்தது.

அந்த நாட்டிலும் அம்மாக்கள்தான் பிள்ளை வளர்க்கிறார்கள். பாசத்துக்கு ஒன்றும் குறைச்சல் வந்ததாகத் தெரியவில்லை.

டெல்லி தீர்ப்பு

நம் ஊரில் வளர்ப்புப் பெற்றோர் யாரும் இன்னும் அப்படி ஒரு வழக்கில் ஜெயித்துக் காட்டவில்லை. அவர்கள் எண்ணிக்கையும் குறைவு. ஒருவருக்கு ஒருவர் முகம் தெரியாது. ஆனால் அவர்களுக்கு அக்காள் முறை ஆகிற அங்கன்வாடி பெண்கள் சண்டை போட்டு ஒரு படி ஏறி இருக்கிறார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

2-10-1975 காந்தி ஜெயந்தி அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். தமிழ்நாட்டில் 1-7-1982 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்ததும் கிராமத்துக்கு கிராமம் பால்வாடி வந்தது. புருஷனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் நிறையப் பேர் ஆயாவாகவும் டீச்சராகவும் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

2006-ல் கர்நாடக அரசு போட்ட அப்பீலில் சுப்ரீம் கோர்ட்டு, "இவர்கள் அரசுப் பதவியில் இருப்பவர்கள் அல்ல" என்று கூறியது. அப்போது நாடு முழுக்க அங்கன்வாடி பெண்கள் சோர்ந்து போனார்கள்.

16 வருடம் கழித்து காற்று திரும்பியது. குஜராத்தில் ரிட்டயர் ஆன அங்கன்வாடி பெண்கள் "எங்களுக்கு பணிக்கொடை எங்கே?" என்று கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். "சம்பளம் வாங்கினால்தானே பணிக்கொடை? நீங்கள் வாங்கியது மதிப்பூதியம்" என்பது சர்க்கார் தரப்பு வாதம். 25-4-2022 அன்று நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் எஸ். ஓகா இருவரும் அந்த வாதத்தைத் தூக்கி எறிந்தார்கள். இது பகுதி நேர வேலை அல்ல, என்ன பெயர் வைத்தாலும் அது ஊதியமே, 1972-ம் ஆண்டு பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தும், வட்டியோடு கொடு என்று தீர்ப்பு.

அப்போது குஜராத்தில் டீச்சருக்கு மாதம் 7,800 ரூபாய். உதவியாளருக்கு 3,950.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதத் தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடத்தால் பெருக்க வேண்டும். 7,800-க்கு ஒரு நாள் கூலி 300 ரூபாய். ஒரு வருடத்துக்கு 4,500. 30 வருடம் உழைத்திருந்தால் 1 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய். உதவியாளருக்கு 68 ஆயிரத்துச் சொச்சம்.

30 வருடம் ஊரார் பிள்ளைக்கு மூக்கு சிந்தி விட்டதற்கு 68 ஆயிரம். அதையும் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது!

குஜராத் பெண்கள் அதோடு நிற்கவில்லை. 2024-ல் குஜராத் ஐகோர்ட்டு தனி நீதிபதி இவர்களை அரசு ஊழியர்களைப் போல் நடத்த வேண்டும் என்றார். அப்பீல் நடந்தது. 2025 ஆகஸ்டில் இரண்டு நீதிபதிகள், டீச்சருக்குக் குறைந்தது 24,800 ரூபாயும் உதவியாளருக்கு 20,300 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

1972 சட்டம் 2025 நவம்பரில் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் கலந்து விட்டது. பணிக்கொடை என்ற சங்கதி அதிலும் இருக்கிறது.

4,100-க்கு பத்தாம் வகுப்பு

தமிழ்நாடு இதில் மற்ற மாநிலத்துக்குக் கொஞ்சம் தேவலை. "சிறப்பு காலமுறை ஊதியம்" என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் அங்கன்வாடிகளில் 7,783 காலியிடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தது. டீச்சருக்கு பிளஸ்-2, உதவியாளருக்கு பத்தாம் வகுப்பு படிப்பு. டீச்சருக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாய். உதவியாளருக்கு 4,100.

பத்தாம் வகுப்பு பாஸ் செய்த பெண்ணுக்கு மாதம் 4,100! ஒரு வருடம் கழித்துத்தான் காலமுறை ஊதியத்தில் ஏறுவார்கள்.

வேலை என்ன? காலையில் மையத்தைக் கூட்டித் துடைத்து, பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்து வந்து, சோறு பொங்கி, முட்டை அவித்து, ஊட்டி, கழுவி விட்டு, தூங்க வைத்து, திரும்ப வீட்டில் விட வேண்டும். டீச்சருக்கு எடை போடுவது, உயரம் அளப்பது, பாட்டு, கதை, கர்ப்பிணிகளுக்கு சத்துமாவு. போதாக்குறைக்கு செல்போனில் "போஷன் டிராக்கர்" என்று ஒன்று. மலையடிவார கிராமத்தில் சிக்னல் கிடைக்காமல் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள்.

"பிள்ளை அழுதா தூக்கணுமா, போன்ல போட்டோ ஏத்தணுமா? ரெண்டுல ஒண்ணுதான் செய்ய முடியும்ங்க" என்கிறார் ஒரு டீச்சர்.

ரிட்டயர் ஆனவர்களுக்கு சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2 ஆயிரம் ரூபாய் என்று பல வருடம் ஓடியது. அங்கன்வாடி சங்கங்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடியதும் இதற்குத்தான். இந்த அளவுக்காவது சங்கம், கொடி, தீர்ப்பு என்று ஒரு பிடிமானம் இருக்கிறது.

வீட்டில் பிள்ளை வளர்ப்பவருக்கு அந்தப் பிடிமானமும் இல்லை. வழக்கு என்று போனால் அங்கன்வாடி பெண்கள் ஜெயித்த வாதத்தை இவர்களும் எடுத்து வைக்கலாம். ஆளைத் தேர்ந்தெடுப்பது சர்க்கார். ஒழுங்காகச் செய்கிறாரா என்று சோதிப்பதும் சர்க்கார். சரியில்லை என்றால் நிறுத்துவதும் சர்க்கார். இதற்கு மேல் வேலை என்பதற்கு என்ன அடையாளம் வேண்டும்?

வீட்டு ஆயாக்கள் விஷயம் அதைவிட மோசம். பெங்களூருக்குப் போன மகளின் பிள்ளையை வளர்க்கிற கிழவியை எந்தப் பதிவேடும் எழுதி வைக்கவில்லை. அப்பன் செத்துப்போன, நோயில் விழுந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதே 4 ஆயிரம் ரூபாய் நிதி ஆதரவாகக் கிடைக்க வழி உண்டு. தர்மபுரியில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். 1098-க்கு போன் போட்டாலும் வழி சொல்வார்கள். பல ஆயாக்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள், "தர்மபுரிக்கு பஸ் ஏறி நாலு தடவை அலைஞ்சா, கூலி போயிடுதே" என்கிறார்கள்.

மாலை 4 மணி

அந்த கிராமத்துப் பால்வாடியில் பிள்ளைகள் எல்லாம் போய் விட்டார்கள். டீச்சர் பதிவேட்டை மூடி, பூட்டு சாவியை எடுத்தார். ஒரே ஒரு பெண் குழந்தை மட்டும் திண்ணையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு இருந்தது. மூன்று வயது இருக்கும். அம்மா மரவள்ளி பிடுங்கும் வேலைக்குப் போனவர், இன்னும் வரவில்லை. வீட்டு ஆயா ஆஸ்பத்திரியில்.

"நீங்க போங்க டீச்சர், நான் பார்த்துக்கறேன்" என்றார் உதவியாளர்.

"உங்க வீட்டுல ஆடு கத்துமேம்மா?"

"கத்தட்டும்ங்க. புள்ளையை விட்டுட்டா போறது?"

டீச்சர் கிளம்பினார். குழந்தை, "ஆயா, பசிக்குது" என்றது. அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பத்து ரூபாய் இருந்தது. குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டிக்கடை பக்கம் நடந்தார்.

அம்மா வந்து சேர்ந்தபோது மணி ஆறரை.